மரத்துக்கு எந்த ஊர் மணி

அந்தத் தொட்டி மரம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது வீட்டுக்குள் இரண்டு மணி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று சுவர்க் கடிகாரத்தின் மணி, வெள்ளைக்காரன் காலத்து மணி. அது என் நாத்தனாருடையது. இன்னொன்று என் கணவர் வேலை பார்த்த லோரிப் பட்டறையின் சங்கு மணி. ஜப்பான்காரன் வந்த கையோடு நாடு முழுவதற்கும் தோக்கியோ நேரத்தை வைத்துவிட்டான். சங்கு அந்த நேரப்படிதான் ஊதும். இரண்டுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். சங்கு எட்டு மணிக்கு ஊதும்போது எங்கள் சுவரில் ஆறரை. எங்கள் மலாக்காவின் காஜா பெராங் ரோட்டுத் தென்னைகளுக்குப் பின்னால் சூரியன் அப்போதுதான் தலைகாட்டும். கடிகாரத்தைத் திருத்தி வைக்காதவர்களை அறைகிறார்கள் என்று ஊரில் பேச்சு. நாத்தனார் மசியவில்லை. "சூரியன் என்ன, ஜப்பான்காரன் பேச்சக் கேட்டுக்கிட்டு ஒன்றர மணி முன்னாடி வந்து நிக்குதா? அது வர்ற நேரத்துக்குத்தான வருது? அப்ப என் கடியாரம் சரி" என்பாள். வாசலில் அந்நியர் யாராவது தெரிந்தால் கடிகாரத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல நிற்பாள். அவள் ராகு காலம் பார்ப்பதும் விளக்கேற்றுவதும் சுவர் மணிப்படி. நான் இவரை வேலைக்கு அனுப்ப வேண்டியவள், அதனால் எனக்குச் சங்கு மணி. ஒரே அடுப்பில் ஒரு நாளைக்கு இரண்டு மத்தியானம் சமைத்த வீடு எங்களுடையது.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. நேரில் அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. இந்த வயதில் அதைத் திருத்திக்கொள்ள எனக்குப் பொறுமை இல்லை. தாய் தகப்பன் போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். கல்யாணமான மூன்றாம் வருடமே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். "எனக்கு இவன விட்டா நாதி கெடையாது" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே. எனக்கு மட்டும் ஏழெட்டு நாதி வரிசையில் நின்றதாக்கும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வேன். என் அப்பா அம்மா இருந்தது ஒரு ரப்பர் தோட்டத்தில். ஜப்பான்காரன் வந்த பிறகு அங்கே போகவும் வழியில்லை, வரவும் வழியில்லை.

இவர் பட்டறையில் ஸ்டோர் கிராணி, கணக்கர். ஆணி, போல்ட், டயர், எண்ணெய் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. அந்த நாட்களில் நம் ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம்தான், திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். போனவர்களில் ஒருவர்கூட வந்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை. தோட்டங்களில் ஆள் தீர்ந்ததும் டவுனுக்கு வந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டில் செட்டி வம்சத்து அம்மா ஒருத்தி இருந்தாள். வீட்டில் கும்பிடுவது நம் சாமிகளை, வாயில் வருவது மலாய். அவளுடைய தம்பி ஒரு நாள் பாசாருக்கு மீன் வாங்கப் போனான். மீனும் வரவில்லை, அவனும் வரவில்லை. லோரியில் ஏற்றியதைப் பார்த்தோம் என்று யாரோ வந்து சொன்னார்கள். அதற்கடுத்த வாரம் பட்டறையிலும் பட்டியல் எழுதப்போகிறார்கள் என்று இவர் வந்து சொன்னபோது நாத்தனார் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்க மறந்து அப்படியே நின்றாள்.

பட்டியல் எழுத வேண்டியவர் பட்டறைக்குப் பெரியவரான ஜப்பானிய எஞ்சினியர். எல்லாரும் அவரைத் துவான் என்பார்கள், மலாயில் ஐயா என்று அர்த்தம். ஒருவனைக் கன்னம் வீங்க அறைந்ததையும் இவர் பார்த்திருக்கிறார், காய்ச்சலில் படுத்த ஒருவனுக்குத் தன் சோற்றைக் கொடுத்ததையும் பார்த்திருக்கிறார். அதனால் ஒரு நாள் அவர் தங்கமான மனிதர், மறுநாள் ராட்சசன். இரண்டில் எது என்று கேட்டால் இவருக்கே கோபம் வரும். அந்தத் துவானுக்குச் சிங்கப்பூருக்கு உத்தரவு வந்தது, நாற்பது நாள். பட்டியல் எழுதுவது, தான் திரும்பி வந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார். அவரிடம் ஒரு மரம் இருந்தது. ஜப்பானிலிருந்து கப்பலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த மரமாம். அவர் குடியிருந்த பங்களாவைச் சுற்றிப் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். தரைக்கு ஒரு பொட்டு வெயில் இறங்காது. கிழக்குப் பார்த்துத் திறந்த முற்றம் யார் வீட்டில் இருக்கிறது என்று பட்டறையில் கேட்டார். என் கணவர் கையைத் தூக்கிவிட்டார்.

துவான் முற்றத்தைப் பார்க்க நேரிலேயே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் இடுப்பு வளையக் குனிந்தபடி சமையற்கட்டு வாசலில் நின்றோம். நாத்தனாரின் துண்டு கடிகாரத்தின் மேல் இருந்தது. அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. வெயிலைத்தான் பார்த்தார். கிணற்றடியில் நின்றார், தன் நிழலைப் பார்த்தார், நாலு அடி நகர்ந்தார், மறுபடியும் நிழலைப் பார்த்தார். கடைசியில் பூட்ஸ் குதிகாலால் மண்ணில் ஒரு வட்டம் போட்டார். வட்டம் விழுந்த இடத்தில் நாத்தனாரின் மரவள்ளிச் சீவல் முறத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அதை உதைத்துத் தள்ளப்போகிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் குனிந்து இரண்டு கையாலும் முறத்தைத் தூக்கி, ஒரு சீவல்கூடச் சிந்தாமல் ஓரமாக வைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் நாத்தனாரும் அன்று பூராவும் தனித்தனியாக யோசித்தோம்.

மறுநாள் மரம் வந்தது. முழங்கை உயரம்தான். தட்டு நம் சோற்றுத் தட்டைவிடக் கொஞ்சம் ஆழம். இலை ஊசி ஊசியாகக் கடற்கரைச் சவுக்கு மாதிரி, ஆனால் குட்டை, விறைப்பு. துவானின் தாத்தா வைத்ததாம். "தாத்தா காலத்து மரம் இம்புட்டுத்தானா? பட்டினி போட்டு வளத்திருக்கானுங்க, படுபாவிங்க" என்றாள் நாத்தனார். செட்டி வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து "கசியான்" என்றாள். பாவம் என்று அர்த்தம். மரத்தைச் சொன்னாளா எங்களைச் சொன்னாளா தெரியாது.

இவர் எங்களுக்கு விதிமுறை சொன்னார். இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். மகராசன், என்னிடம் காலையிலும் அக்காவிடம் சாயங்காலமும் தனித்தனியாகச் சொன்னார். எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை வெயில். பிறகு நிழல். என்ன ஆனாலும் வீட்டுக்குள் வைக்கக்கூடாது. அது வீட்டு மரம் இல்லை, மலை மரம். வெயில் குறைந்தால் வெளிறிச் சாகும், கூடினால் அந்தத் தட்டில் இருக்கிற ஒரு பிடி மண்ணுக்குள் வேர் வெந்து சாகும். எல்லாம் சொல்லிவிட்டு, "மரம் பொழச்சா நான் பொழச்சேன்னு வெச்சுக்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

முதல் வாரத்திலேயே நானும் நாத்தனாரும் பேச்சை முறித்துக்கொண்டோம். துவான் வட்டம் போட்ட இடம்தான் முற்றத்திலேயே தடையில்லாமல் வெயில் விழும் இடம். மரத்துக்காக நான் முறத்தைக் கூரையோரத்துக்கு நகர்த்தினேன். நான் திரும்புவதற்குள் அடுத்த வீட்டுக் கோழிகள் வந்து மொத்தச் சீவலையும் கிளறித் தின்றுவிட்டன. அரிசி கண்ணில் படாத காலம், அந்தச் சீவல் மாவுதான் எங்கள் இரண்டு நாள் சாப்பாடு. "ஜப்பான்காரன் குச்சிக்கு வெயிலு, எங்க வயித்துக்குக் கோழி எச்சிலா?" என்று ஒரு கத்து கத்தினாள். "ஒங்க தம்பி உசிருக்குத்தான் இந்தக் குச்சி, எனக்கொண்ணும் வேண்டுதல் இல்ல" என்று நானும் கத்தினேன். அதோடு சரி. அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "செவுரே, தண்ணி எறைக்கிறது யாருன்னு கேளு." நானும் சுவரிடமே பதில் சொல்வேன். அந்த வீட்டில் அந்த நாட்களில் அதிகம் பேச்சு வாங்கியது சுவர்தான்.

சங்கு எட்டு ஊதியதும் நான் மரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வட்டத்தில் வைப்பேன். சூரியன் அப்போதுதான் எழும்பும். சிவப்பாக ஒரு வெயில் தட்டின் ஓரத்தில் வந்து உட்காரும். பன்னிரண்டு சங்கு ஊதியதும் தூக்கிப் புளிச்சக்காய் மரத்தின் நிழலில் வைத்துவிட்டு, செட்டி வீட்டு அம்மாவின் தையல் மெஷினுக்குப் போய்விடுவேன். இருந்த திரைச்சீலைகளை வெட்டி ரவிக்கை தைத்துக்கொண்டிருந்த காலம். இரண்டு மணிக்குத் திரும்பி வருவேன். மரம் நிழலில் வைத்த இடத்திலேயே இருக்கும். சமர்த்தாகச் செய்துவிட்டோம் என்று எனக்கு ஒரு திருப்தி.

மூன்றாம் வாரம் இலை நுனிகள் பழுப்படித்தன. வலது பக்கத்துக் கிளை ஒன்று முழுக்கவே நிறம் மாறிற்று. வெயில் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, சங்கு ஊதிய பிறகும் ஒரு கால் மணி விட்டு எடுத்தேன். இன்னும் பழுத்தது. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன்; தேங்காய் அப்போது எங்கே கிடைக்கும் என்றுகூட யோசிக்கவில்லை. நாத்தனாரும் முகம் இருண்டு நடமாடினாள். இவள் கண் பட்டே மரம் பழுக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அவளும் என்னைப் பற்றி அதைத்தான் முடிவு கட்டியிருந்தாள் என்று பிறகு தெரிந்தது.

ஒரு நாள் தையல் மெஷினில் நூல் தீர்ந்துவிட்டதால் சீக்கிரமே திரும்பினேன். முற்றத்தில் நாத்தனார் மரத்தை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு நிழலிலிருந்து வெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். சுவர், கிவர் எல்லாம் மறந்துபோயிற்று.

"ஏன் அண்ணி, ஒங்க தம்பியக் கொன்னுடணும்னே முடிவு பண்ணிட்டீங்களா? பன்னெண்டு மணிக்கு மேல வெயில்ல வெக்கிறீங்களே!"

"எவடி பன்னெண்டு மணிங்கிறவ? சோம்பேறி! பத்தரைக்கே தூக்கி நெழல்ல வெச்சிட்டுத் தைக்கப் போயிடுற. நான்தான் தெனமும் திருப்பி வெயில்ல வெச்சு, பன்னெண்டுக்கு எடுக்குறேன். ஒரு வார்த்த சொன்னனா ஒன்ன? பொறுத்துக்கிட்டுத்தான இருந்தேன்?"

"சங்கு ஊதிச்சே!"

"சங்கு ஊதிச்சாம்! வா, வந்து கடியாரத்தப் பாரு!"

கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துப் போனாள். சுவரில் பதினொன்று. சங்கு பன்னிரண்டு, சுவர் பன்னிரண்டு, இரண்டுக்கும் நடுவே தினமும் ஒன்றரை மணி நேரம், அதுவும் மலாக்காவின் உச்சி வெயில், அந்தத் தட்டின் மேல் விழுந்திருக்கிறது. நான் காலையில் முந்திக்கொண்டேன், அவள் மத்தியானம் பிந்திக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருடைய அக்கறையும் சேர்ந்து மரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் மெல்ல, "அப்ப எந்தப் பன்னெண்டு?" என்றாள். மூன்று வாரத்தில் சண்டையில்லாமல் என்னை நேராகப் பார்த்து அவள் கேட்ட முதல் கேள்வி அது.

இவர் வேலை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் சூழ்ந்துகொண்டோம். துவான் சொன்னது எந்த மணி? இவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் முக்காலியில் உட்கார்ந்தார். தோக்கியோ மணிதான், துவான் கையில் கட்டியிருப்பது அதைத்தானே என்றார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், இல்லை என்று தலையை ஆட்டினார். ஜப்பானில் எட்டு மணிக்கு வெயில் நன்றாக ஏறிவிடும் என்று துவானே ஒரு முறை சொல்லியிருக்கிறாராம். இங்கே தோக்கியோ எட்டு மணிக்குச் சூரியன் அப்போதுதான் எழும்புகிறது. துவான் சொன்னது தன் ஊரில் வைத்த வழக்கத்தையா, இங்கே வைக்க வேண்டிய நேரத்தையா? அவருடைய ஊர் எட்டு மணி வெயில் என்றால் அது நம் சுவர் மணிக்குத்தான் கிட்டத்தில் வருகிறது. "அப்ப மரத்துக்கு எந்த ஊரு மணிடா?" என்று கேட்டாள் நாத்தனார். இவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். கேட்டு எழுத வழியில்லை. துவானிடம் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்டவன்தான் அன்று கன்னம் வீங்க நின்றவன்.

அன்று எங்கள் மூன்று பேருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் வழி கண்டது நானா அவளா என்று பின்னால் நாங்கள் பல முறை சண்டை போட்டிருக்கிறோம். நான்தான் என்று இங்கே எழுதிவிடுகிறேன், மறுக்க அவள் இல்லை. மணியை விட்டுவிடுவோம், தட்டைத் தொட்டுப் பார்ப்போம் என்றேன். வேர்தானே வேகிறது? காய்ச்சல்காரனின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையைத் தட்டின் பக்கவாட்டில் வைப்பது. கை தாங்கினால் மரமும் தாங்கும், சுட்டால் நிழல். வெயில் எழும்பியது முதல் நான் பார்ப்பேன், ஏறிய பிறகு அவள். மேகம் போட்ட நாளில் மத்தியானம் வரை வெளியே இருக்கும், சுள்ளென்று அடித்த நாளில் பத்துக்கே நிழலுக்கு வந்துவிடும். தட்டைத் தினமும் கொஞ்சம் திருப்பிவைத்தோம், ஒரே பக்கம் வெந்துபோகாமலிருக்க. "சுடுதா?" "இன்னும் இல்ல அண்ணி." "நல்லாப் பாரு." "பாத்துட்டுத்தான் சொல்றேன்." இப்படிப் பேச ஆரம்பித்துத்தான் நாங்கள் பழையபடி பேச ஆரம்பித்தோம். முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் கிளை நுனிகளில் வெள்ளையாக மெழுகுத்திரி மாதிரி மொட்டுகள் நிமிர்ந்து வந்தன. நாத்தனார் என்னைக் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். அந்தப் பழுத்த கிளை மட்டும் காய்ந்தேபோயிற்று.

துவான் திரும்பி வந்தார். பூட்ஸ் சத்தம் முற்றத்துக்குள் வந்தபோது நான் நாத்தனாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் மரத்தின் எதிரே குந்தி உட்கார்ந்தார். மொட்டுகளை விரல் வைத்து எண்ணினார். காய்ந்த கிளையைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். இவரின் கழுத்தில் வியர்வை ஓடியது எனக்குத் தெரிந்தது. துவான் பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கிளையை அடியோடு நறுக்கினார். பின்னுக்குச் சாய்ந்து பார்த்து, இப்போதுதான் நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார். எழுந்து ஒரு முறை குனிந்து வணங்கினார். எங்களுக்கா, மரத்துக்கா தெரியாது. நாங்களும் மரமும் ஒரே வரிசையில் இருந்தோம். பிறகு இவரைப் பார்த்து மலாயில், "சியாப்பா ஜாகா?" என்று கேட்டார். யார் பார்த்துக்கொண்டது?

"சாயா, துவான்" என்றார் என் கணவர். நான்தான்.

நாற்பது நாளில் ஒரு நாள்கூட அவர் அந்தத் தட்டைத் தூக்கியது கிடையாது. பக்கத்தில் நாத்தனார் மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். எங்களைக் காட்டிக்கொடுக்கப் பயந்து அப்படிச் சொன்னாரா, நல்ல பெயரை வாங்கிக்கொள்ள அப்படிச் சொன்னாரா என்று நான் அப்போது யோசிக்கவில்லை. உயிர் தப்பிற்று என்றுதான் நினைத்தேன். அன்று நாத்தனார் ஒளித்துவைத்திருந்த ஒரு பிடி அரிசியில் கஞ்சி காய்ச்சினாள்.

பட்டியலில் இவர் பெயர் இல்லை. பட்டறையிலிருந்து ஆறு பேர் போனார்கள், இவர் தப்பினார். பத்து நாள் கழித்துத் தனியாக ஒரு காகிதம் வந்தது. துவானுக்கே சயாமுக்கு மாற்றலாம். அங்கே முகாமில் சாமான் கிடங்கைப் பார்த்துக்கொள்ள ஒரு கவனமான ஆள் வேண்டும், அதனால் இவரும் கூடப் போக வேண்டும். இவ்வளவு சின்ன உயிரை இவ்வளவு கவனமாகக் காப்பாற்றியவனைவிட வேறு யாரை நான் நம்புவது என்று துவான் எல்லார் முன்னிலையிலும் சொன்னாராம். அது மரியாதை என்று வேறு சொன்னாராம். மரம் இங்கேயே இருக்கட்டும், இந்த முற்றத்து வெயில் அதற்கு ஒத்துப்போயிற்று, பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னாராம். இவர் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். நாத்தனார் எழுந்து முற்றத்துக்குப் போனாள். மரத்தைத் தூக்கிக் கிணற்றில் போடப்போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடினேன். அவள் புறங்கையைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, சுடுகிறது என்று சொல்லி நிழலில் வைத்தாள்.

நாங்கள் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் என் கணவர் போயிருக்கமாட்டாரா? மரம் செத்திருந்தால் அந்த ஆறு பேரோடு ஏழாவதாகப் போயிருப்பாரா? இதைச் சமையற்கட்டில் அம்மிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து நானும் அவளும் எத்தனை முறை பேசியிருப்போம் என்று கணக்கில்லை. ஒரு நாள் அவள் மரத்தைத் திட்டுவாள், நான் பரிந்து பேசுவேன். மறுநாள் நான் திட்டுவேன், அவள் விபூதி வைப்பாள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் பதில் கிடைக்கவில்லை.

என் கணவர் திரும்பி வந்தார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் பதைக்கட்டும் என்று மனிதரைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் நிறுத்திவைப்பது எனக்குப் பிடிக்காது, நான் அப்படி நின்றிருக்கிறேன். கிடங்கு என்பதால் தலைக்கு மேல் கூரை இருந்ததாம், வெறும் சோறாவது வேளைக்குக் கிடைத்ததாம். மண் வெட்டப் போனவர்கள் மழையிலும் பேதியிலும் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள் என்றார். பட்டறையிலிருந்து போன ஆறு பேரில் ஒருவர்கூட வரவில்லை. செட்டி வீட்டு அம்மாவின் தம்பியும் வரவில்லை. அப்படியானால் மரம்தான் அவரைக் காப்பாற்றியதா? காப்பாற்ற வேண்டிய இடத்துக்கு அனுப்பியதும் அதுதானே? பல வருடம் கழித்து ஒரு செடிக்கடைக்காரரிடம் கேட்டேன். அந்த ஜாதி மரத்துக்கு முழு வெயிலும் வேண்டும், வருடத்தில் சில மாதம் நல்ல குளிரும் வேண்டும் என்றார். குளிரே இல்லாத நம் ஊரில் அது தூங்க முடியாமல் களைத்து, எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுமாம். எட்டு மணி, பன்னிரண்டு மணி என்று நாங்கள் அடித்துக்கொண்டதெல்லாம் எதற்கு என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

அவர் போன பிறகு ஒரு கடிதம் வரவில்லை, ஓர் ஆள் வழியாகச் செய்தி வரவில்லை. மரம் மட்டும் இருந்தது. 'மரம் பொழச்சா நான் பொழச்சேன்' என்று அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தையை நாங்கள் இரண்டு பேரும் வாயால் சொல்லவேயில்லை. ஆனால் நான் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் மரத்தைத்தான் பார்ப்பேன். அவளும் அப்படித்தான். அடுத்த வருடம் புது மொட்டு வரவில்லை. இலை பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் கசக்கினால் வரும் அந்த மருந்து வாசனை போய்விட்டது. ஆடி மாதம் ஒரு நாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது அடிமரத்தின் பின்பக்கம் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. காய்ந்த விறகின் நிறம். சுரண்டிய இடத்தில் ஈர மண்ணைப் பூசி மறைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அவளிடம் சொல்ல முடியவில்லை. சொன்னால் அன்றைக்கே படுத்துவிடுவாள் என்று எனக்கு நிச்சயம். தம்பியைத் தவிர நாதி இல்லாதவள். அதனால் தினமும் வெயில் எழும்பியதும் செத்த மரத்தைத் தூக்கிப்போய் வட்டத்தில் வைத்தேன். அவள் வந்து புறங்கையை வைத்துப் பார்த்து, நேரம் பார்த்து, நிழலுக்கு எடுத்தாள். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினோம். இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. "அவங்க ஊருல மரமெல்லாம் இப்பிடி இலைய உதுத்துட்டுத்தான் மறுபடி தளிர்க்குமாம்" என்றாள் நாத்தனார். "ஆமா அண்ணி, நானும் கேள்விப்பட்டேன்" என்றேன். பாவம், என்ன நம்பிக்கை பார், என்று நினைத்து மனசு உடைந்தது. ஜப்பான்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், சங்கு மணி மாறிச் சுவர் மணியோடு சேர்ந்துகொண்டது. கடைசி இலையும் போய்ச் சுள்ளியாக நின்றது மரம். நாங்கள் வெயிலில் வைப்பதையும் எடுப்பதையும் விடவில்லை. வேலிக்கு அப்பாலிருந்து செட்டி வீட்டு அம்மா பார்த்துவிட்டுத் தன் தையலுக்குத் திரும்பிவிடுவாள்.

அவர் வந்தது ஒரு காலை நேரம். ரோட்டிலிருந்து யாரோ கிழவர் கையில் ஒரு தகரப் பெட்டியோடு வேலிப் படலைத் திறந்தார். பிச்சைக்காரர் என்று நினைத்து நான் கையை விரிக்கப் போனேன். நாத்தனார்தான் அடையாளம் கண்டாள். ஓடவில்லை, கத்தவில்லை, நடந்துபோய் அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள். மஞ்சள் பூத்த கண், குச்சிக் கால். கிணற்றுக் கட்டில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். குடித்து முடித்துவிட்டு முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் கண் வட்டத்தில் வந்து நின்றது.

"ஏன்க்கா, செத்த மரத்த ஏன் வெயில்ல வெச்சிருக்கீங்க?"

எனக்கு உயிரே போயிற்று. நாத்தனார் விழுந்துவிடுவாள் என்று அவளைப் பிடிக்கக் கையை நீட்டித் திரும்பினேன். அவள் என்னைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

"ஆடியிலேர்ந்து. ஒங்களுக்கு?"

"ஆனி."

என் கை அவள் கையில் இருந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்து இரண்டு பேரும் வாய்விட்டு, தெருவுக்குக் கேட்க அழுதோம். அவர் ஒன்றும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"மரந்தானக்கா, விடுங்க" என்றார். "வேற ஒண்ணு வெச்சுக்கலாம்."